பாகாலாவில் நாற்பது நிமிஷம்

சித்தூர் சென்னை ராஜதானியில் இருந்த காலத்தில், அங்கே மிஷன் பள்ளியில் நான் ஐந்தாம் பாரம் படித்தேன். படித்தேன் என்பது வருகைப் பதிவேட்டின் கருத்து. தங்கை அதே பள்ளியில் நாலாம் பாரம். கணக்கில் நான் பெயிலானால் ஜூன் மாதம் இருவரும் ஒரே வகுப்பு. இதை நைனா சாப்பிடும்போது சாதாரணமாகத்தான் சொன்னார். தங்கைக்குத்தான் சோறு இறங்கவில்லை.

"அண்ணன்கூட ஒரே கிளாசுல நானு குந்த மாட்டேன் நைனா" என்றவள், மறுநாளே என் புத்தகத்தைப் பிடுங்கிப் படித்து எனக்குச் சொல்லித்தர ஆரம்பித்தாள்.

அல்ஜீப்ராவில் ஒரு கணக்கோடு மல்லுக்கட்டி, எக்ஸ் ஏழு என்று கண்டுபிடித்தேன். மறந்துவிடக் கூடாதே என்று காம்பஸ் பெட்டி மூடியில் ஆணியால் கீறியும் வைத்தேன். அடுத்த கணக்கிலும் ஏழே போட்டேன்.

"ண்ணா, அது நேத்து எக்ஸு. இன்னிக்கி வேற."

"அப்ப நேத்து எதுக்குக் கண்டுபுடிச்சோம்?"

"மார்க்குக்கு."

ஜாமெட்ரியில் இரண்டு கோணமும் சமம் என்று நிரூபிக்க வேண்டும். நான் அளந்து பார்த்து, 'அளந்தேன், சமம்' என்று எழுதினேன். சார் அந்தப் பக்கம் முழுக்கக் குறுக்கே கோடு இழுத்தார். வேதப்பாடத்துக்கும் கணக்குக்கும் அவர்தான். முதல் பீரியடில் காணாமலே நம்பச் சொல்வார். மணி அடித்ததும், கண்ணால் கண்டாலும் நம்பாதே என்பார். எந்த மணிக்கு எதை நம்புவது என்று எனக்குக் கடைசிவரை பிடிபடவில்லை.

ரயில் எத்தனை மணிக்கு எவ்வளவு தூரம் போனது என்று காட்டும் கிராஃபில் படுத்திருந்த கோட்டைக் காட்டி, ரயில் சமதரையில் ஜோராக ஓடுகிறது என்றேன். தங்கை தலையில் அடித்துக்கொண்டாள்.

"வண்டி நிக்கிது ண்ணா. நேரந்தான் போய்க்கினு இருக்கு."

இது ஒன்று மட்டும் புரிந்தது.

பரீட்சையிலும் ரயில் கிராஃப் வந்தது. சித்தூரிலிருந்து திருப்பதி போகும் வண்டி பாகாலாவில் எத்தனை நிமிஷம் நின்றது? கோடு பத்து நிமிஷம் படுத்திருந்தது. ஆனால் கிறிஸ்துமஸ் தோறும் திருப்பதியில் பெரியம்மா வீட்டுக்கு நாங்கள் போவது அந்த வண்டியில்தான். தர்மாவரத்து வண்டி வந்து சேரும்வரை அது நகராது. புளிச்சோறு தின்று, கை கழுவி, ஒரு தூக்கம் போட்டு எழுந்தாலும் பாகாலாவிலேயே இருப்போம். 'நாற்பது' என்று எழுதினேன். கீழே, 'கிராஃப் தப்பாகப் போடப்பட்டிருக்கிறது' என்று உபகாரமாக ஒரு வரியும் சேர்த்தேன்.

முப்பத்தைந்து வாங்கினால் பாஸ். எனக்கு முப்பத்துமூன்று. அந்தக் கேள்விக்கு மூன்று மார்க்கு. சாரிடம் போய் நின்றேன்.

"நெசமா நாப்பது சார்."

"எனக்குத் தெரியாதா? சனிக்கிழமையானா அதுலதான் ஊட்டுக்குப் போய்க்கினு இருக்கேன். ஒரொரு நாளு அம்பதுகூட ஆவுது."

"அப்ப மூணு மார்க்கு சார்?"

"கேட்டது வண்டிய இல்லடா. கோட்ட."

அவருக்கும் நாற்பது தெரியும், எனக்கும் தெரியும். அந்தப் பத்து யாருக்குத் தெரிந்த பத்து என்று இன்னும் விளங்கவில்லை.

ஜூன் மாதம் தங்கை முன் பெஞ்சில், நான் கடைசியில். புதிதாக வந்த இங்கிலீஷ் சார் இருவருக்கும் ஒரே தகப்பன் பெயர் இருப்பதைப் பார்த்துவிட்டு, "ரெட்டைப் புள்ளைங்களா?" என்றார்.

ஆமாம் என்று சொல்ல நான் வாயைத் திறப்பதற்குள் அவள் எழுந்துவிட்டாள்.

"இல்ல சார். அது ரெண்டு வருசம் பெருசு."