ஊருக்கு ஒரே பட்டியல்

எனக்கு இங்கிலீஷ் நன்றாக வரும். அந்த வேலைக்கு வேறு எந்தத் தகுதியும் என்னிடம் இருந்ததாக நினைவில்லை. சுனாமிக்குப் பிறகு மாமல்லபுரத்தில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து ஆபீஸ் திறந்த வெளிநாட்டு உதவி நிறுவனம் ஒன்றில் மொழிபெயர்ப்பாளராகச் சேர்ந்தேன். அவர்கள் பேசுவதைத் தமிழில் சொல்ல வேண்டும், ஜனங்கள் பேசுவதை இங்கிலீஷில் சொல்ல வேண்டும். நடுவில் என் சொந்தச் சரக்கைச் சேர்க்கக் கூடாது. நான் சேர்த்தேன். அதனால் ஒருத்திக்கு வீடு இல்லாமல் போனது.

அவளை எனக்குத் தொண்ணூறுகளிலிருந்தே தெரியும். அப்போது நாங்கள் செங்கல்பட்டில் குடியிருந்தோம். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மாமல்லபுரத்துப் பக்கத்துக் குப்பம் ஒன்றிலிருந்து பஸ் ஏறி, திருக்கழுக்குன்றம் வழியாக எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவருவாள். தலையில் அலுமினிய அன்னக்கூடை, இடுப்பில் செருகிய சுருக்குப்பை. கண்டக்டர்கள் அவளைக் கடைசி சீட்டுக்குத் துரத்துவார்கள். அவளும் விடமாட்டாள், அவர்களுடைய பரம்பரையையே இழுத்து வைத்துப் பேசிவிட்டுத்தான் போய் உட்காருவாள். நான் அவளை அக்கா என்பேன். அவளுக்கு நான் பாப்பா.

என் அம்மாவுக்கும் அவளுக்கும் வாரம் ஒரு சண்டை உண்டு. "இது கடல்ல பிடிச்சதா, ஏரியில பிடிச்சதா?" என்று அம்மா ஆரம்பிப்பாள்.

"யக்கா, உன் நாக்கு கீதே, அத்த வெட்டி கொழம்பு வெச்சா ஊரே துன்னலாம்" என்பாள் அவள். சொல்லிக்கொண்டே கேட்ட விலைக்குக் கொடுத்துவிட்டு, குழாயடியில் உட்கார்ந்து மீனை அரிந்தும் தருவாள். நான் பக்கத்தில் புத்தகத்தோடு நிற்பேன். "இங்கிலீஷ்ல எதுனா பேசு பாப்பா, கேக்குறேன்" என்பாள். நான் பாடத்தை உரக்கப் படிப்பேன். ஒரு வார்த்தை புரியாவிட்டாலும் தலையைத் தலையை ஆட்டுவாள். "எம் பொண்ணும் ஒரு நாளு உன்ன மாரி பேசணும்" என்பாள். அவளுக்கு ஒரே பெண்.

கடல் ஊருக்குள் வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் எங்கள் வீட்டுக் குழாயடியில்தான் இருந்தாள். சங்கரா மீனுக்குச் செதில் தேய்த்துக்கொண்டிருந்தாள். எதிர்வீட்டுக்காரர் டிவியைப் பார்த்துவிட்டு ஓடிவந்து சொன்னார். அவள் முதலில் சிரித்தாள். "கடலு எங்கங்க வரும், அது அங்கியேதான் கீது" என்றாள். டிவிக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தியதும் கையில் ஒட்டியிருந்த செதிலோடு பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினாள். கூடையும் அருவாமனையும் எங்கள் வீட்டிலேயே கிடந்தன. பெண் லீவுக்குத் திருக்கழுக்குன்றத்தில் சித்தி வீட்டில் இருந்ததால் தப்பித்தது. கரையில் வலை பின்னிக்கொண்டிருந்த அவள் புருஷன் மூன்றாம் நாள்தான் கிடைத்தார்.

கூடையைக் கொடுக்கப்போன இடத்தில்தான் எனக்கு அந்த வேலை கிடைத்தது. குப்பத்தில் அவள் வீடு இருந்த இடத்தில் ஒரு ஆட்டுக்கல் மட்டும் இருந்தது. அவளும் பெண்ணும் கல்யாண மண்டபத்தில் தங்கியிருந்தார்கள். அங்கே ஒரு வெள்ளைக்கார அம்மாள் ஜனங்களிடம் ஏதோ கேட்கப் படாதபாடு பட்டுக்கொண்டிருந்தார். நான் வழக்கம்போல மூக்கை நுழைத்தேன். மறுநாள் காலையில் ஆபீசுக்கு வரச் சொல்லிவிட்டார். நாங்கள் அவரை மேடம் என்போம். நல்லவர். இதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், இந்தக் கதையில் கெட்டவர்கள் யாரும் கிடையாது. ஒருவராவது இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் சௌகரியமாக இருந்திருக்கும்.

முதல் மாதங்களில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் உதவி வந்து கொட்டியது. ஒரு லாரி பழைய துணி, அடுத்த லாரியில் கம்பளி ஸ்வெட்டர். எங்கள் ஊர் வெயிலுக்கு ஸ்வெட்டர்! ஒரே வீட்டில் மூன்று ஸ்டவ் இருந்தது, அடுத்த வீட்டில் விளக்கு இல்லை. கட்டுமரம்கூட ஓட்டத் தெரியாத ஒருவருக்கு இரண்டு ஃபைபர் படகு கிடைத்தது. ஒரு நிறுவனம் பெயர் எழுதிக்கொண்டு போனால், மறுநாள் இன்னொரு நிறுவனம் அதே கேள்விகளை முதலிலிருந்து ஆரம்பிக்கும். "எத்தினி வாட்டிம்மா சொல்றது? செத்தவன் திரும்பத் திரும்பச் சாவணுமா?" என்று ஒரு கிழவர் என்னைத் திட்டினார். அதை நான் மேடத்துக்கு மொழிபெயர்த்தேன். அவர் கையிலிருந்த பேனாவை மூடினார்.

அதன் பிறகுதான் மாமல்லபுரத்து ஓட்டல் ஒன்றின் ஹாலில் எல்லா நிறுவனங்களும் கூடின. பல நாட்டுக்காரர்கள் இருந்தார்கள். பக்கத்துச் சிற்பக் கூடத்து உளிச் சத்தத்துக்கு நடுவில் மேடம் எழுந்து பேசினார். ஆளாளுக்கு ஒரு கணக்கு வேண்டாம், ஊருக்கு ஒரே பட்டியல் போதும், அந்தப் பட்டியலையும் நாம் போடக் கூடாது, ஊரே போடட்டும் என்றார். உதவி வீணாகாமல் இருக்க அதுதான் வழி என்றார். இன்று நினைத்தாலும் அதில் எனக்குத் தப்புத் தெரியவில்லை.

ஊர் எப்படிப் பட்டியல் போடும் என்று யாரோ கேட்டார்கள். யாரும் என்னைக் கேட்கவில்லை. மொழிபெயர்க்க உட்கார்ந்திருந்த நான் எழுந்து குப்பத்து வரியைப் பற்றிச் சொன்னேன்.

மீனவர் ஊர்களில் கல்யாணமான ஒவ்வொரு ஆணும் ஊர்ப் பஞ்சாயத்துக்கு வரி கட்டுவார். கோயில் திருவிழா, சாவு, சண்டை வழக்கு எல்லாம் அந்த வரியில்தான் நடக்கும். ஊருக்குப் பொதுவாக எது வந்தாலும் வரிக்காரர்களுக்குச் சமமாகப் பங்கு போடுவார்கள். பணக்காரன், ஏழை என்று பார்ப்பதில்லை. அடிதடி இல்லாமல் பல தலைமுறையாக நடக்கும் ஏற்பாடு. வரிக்காரர் பெயரெல்லாம் எழுதிய நோட்டு ஊரிடம் இருக்கும்போது நமக்கு எதற்குப் புதுப் பட்டியல் என்றேன். ஹாலே கை தட்டியது. மேடம் என்னைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடினார். எல்லா நிறுவனங்களும் அந்த நோட்டையே எடுத்துக்கொள்வது என்று முடிவானது. அன்று சாயங்காலம் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, என்னைப் போலக் கெட்டிக்காரி இந்த ஜில்லாவிலேயே இல்லை என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

அக்காவின் குப்பத்துப் பஞ்சாயத்துத் தலைவர் நோட்டைத் துணியில் சுற்றிக்கொண்டுவந்து கொடுத்தார். இரண்டே நாளில் நானே அதை இங்கிலீஷில் டைப் அடித்தேன். எல்லாம் ஆண்களின் பெயர்கள். அப்போது அக்கா கல்யாண மண்டபத்திலிருந்து தார் ஷீட் கொட்டகைக்கு மாறியிருந்தாள். உச்சி வெயிலில் உள்ளே இருக்க முடியாமல் பெண்ணோடு வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருப்பாள். நான் ஃபைலும் கையுமாகப் போவதைப் பார்த்துக் கூப்பிட்டாள்.

"பாப்பா, எம் பேரு எழுதிட்டியா?"

"எழுதியாச்சுக்கா."

"நல்லா பாத்தியா?"

"எல்லார் பேரும் இருக்குக்கா. நீங்க கவலைப்படாதீங்க."

நான் பார்க்கவில்லை. பார்க்க என்னால் முடியாது, ஏனென்றால் அவள் புருஷன் பெயர் எனக்குத் தெரியாது. அவள் ஒரு நாளும் அதை வாயால் சொன்னதில்லை, அந்தக் காலத்துப் பெண்களைப் போல "எங்கூட்டு ஆளு" என்றுதான் சொல்வாள். இத்தனை வருஷப் பழக்கத்தில் நானும் கேட்டதில்லை. அன்று கேட்டிருக்கலாம், பெண்ணாவது சொல்லியிருக்கும். ஜீப் ஹாரன் அடித்தது, நான் போய்விட்டேன்.

அந்தப் பட்டியல்படி எங்கள் நிறுவனம் கட்டிய புது வீடுகள் சாலைக்கு மேற்கே, கடலிலிருந்து தள்ளி வந்தன. அதற்காகக் கரையில் இருந்த பழைய மனைகளை ஊரே சேர்ந்து எழுதிக் கொடுத்தது. அக்காவும் கைநாட்டு வைத்தாள். சுவர் எழும்பும்போது வாரத்துக்கு ஒரு தடவை போய்ப் பார்ப்பாளாம். கிழக்குப் பார்த்த வீடாகக் கிடைத்தால் நல்லது என்று என்னிடம் சொன்னாள். ஒரு முருங்கைக் கொம்பைக்கூட ஈரச் சாக்கில் சுற்றி வைத்திருந்தாள்.

சாவி கொடுக்கும் விழாவுக்கு அம்மா எடுத்துக் கொடுத்த பச்சைப் புடவையைக் கட்டிக்கொண்டு, பெண்ணுக்குத் தலை நிறையப் பூ வைத்து, முன் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். நான் மேடையில் மேடத்துக்குப் பக்கத்தில் மைக்கோடு நின்றேன். "இந்த ஊரில் ஒருவர்கூட விடுபடவில்லை" என்று மேடம் இங்கிலீஷில் சொன்னார். நான் அதைத் தமிழில் சொன்னேன். கைதட்டல் அடங்கியதும் பெயர்களை நானேதான் படித்தேன். ஒவ்வொரு பெயருக்கும் அக்கா நிமிர்ந்து பார்ப்பாள், பிறகு வேறு யாராவது எழுந்து வருவார்கள். கடைசிப் பக்கத்தை நிறுத்தி நிறுத்திப் படித்தேன். கடைசிப் பெயரும் முடிந்தது. அவள் மடியில் கையை வைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள். தாளைத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் வெறுமையாக இருந்தது.

தலைவரைத் தனியாக இழுத்துக் கேட்டேன். அவருக்கு நான் ஏன் கத்துகிறேன் என்றே புரியவில்லை.

"புருஷன் பூட்ட வூட்ல வரி வாங்கறது பாவம்மா. கருமாதி அன்னிக்கே அவளுக்கு வரிய தள்ளிட்டோம். எங்க வழக்கம் அது. வரி நோட்ல எப்டி அவ பேரு இருக்கும்?"

இரக்கப்பட்டுத்தான் நோட்டில் அந்தப் பெயரை அடித்திருக்கிறார்கள். கணவனை இழந்த மற்றப் பெண்களுக்கு வளர்ந்த மகன்கள் இருந்தார்கள், மகன்கள் பேரில் வரி இருந்தது. இவளுக்குத்தான் பெண். வரியில்லாத வீட்டுக்குப் பங்கில்லை என்ற கணக்கு இந்தப் புது வீடுகளுக்கும் பொருந்தும் என்று தலைவர் அதுவரை யோசிக்கவே இல்லை. புரிந்ததும் தலையில் அடித்துக்கொண்டார். "இன்னாம்மா இப்டி பண்ணிட்டோம்" என்று அவர் அழுததை நான் பார்த்தேன்.

அதன் பிறகு நான் ஏறாத படி இல்லை. மேடம் தன் தலைமை ஆபீசுக்கு எழுதினார். வந்த பணம் முழுக்கச் செலவாகிவிட்டது, மனையும் மிச்சமில்லை என்று பதில் வந்தது. இன்னொரு நிறுவனத்துக்குப் போனால், "அந்த ஊரை நீங்கள்தானே முடித்தீர்கள்" என்றார்கள். எங்கே போனாலும் நான் டைப் அடித்த அதே தாளை எடுத்துக் காட்டினார்கள். முன்பு ஆளாளுக்கு ஒரு பட்டியல் இருந்த குளறுபடியில், ஒன்றில் விட்டால் இன்னொன்றிலாவது அவள் பெயர் விழுந்திருக்கும். இப்போது எல்லோரும் ஒற்றுமையாக இருந்தார்கள். அந்த வருஷக் கடைசியில் மேடம் தன் நாட்டுக்குத் திரும்பினார். விமான நிலையத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டு, அந்தப் பெண்ணை மறக்கமாட்டேன் என்றார். மறந்திருக்கமாட்டார். அதனால் அவளுக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை.

கொட்டகைகளைப் பிரித்த பிறகு அக்கா எங்கே போனாள் என்று எனக்குச் சரியாகத் தெரியாது. தெரிந்துகொள்ள நான் முயலவில்லை என்பதுதான் உண்மை. எங்கள் தெருவுக்கு மீன் வருவது நின்றது. "அவளுக்கு என்னடி ஆச்சு?" என்று அம்மா ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் கேட்பாள். வெளியூர் போய்விட்டதாகச் சொன்னேன்.

சில வருஷம் கழித்து கேளம்பாக்கம் ஜங்ஷனில் ஷேர் ஆட்டோவுக்கு நின்றபோது யாரோ என் தோளைத் தொட்டார்கள். அக்கா. நீல நிற ஹவுஸ்கீப்பிங் கோட்டு, கழுத்தில் அடையாள அட்டை. ஐ.டி. கம்பெனிக்காரர்கள் குடியிருக்கும் அடுக்குமாடி ஒன்றில் படிக்கட்டு துடைக்கிறாளாம். ஒரு அறையில் வாடகைக்கு இருக்கிறார்கள். பெண் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு அதே கட்டிடத்தில் வேலைக்கு வருகிறது. பக்கத்தில்தான் நின்றது. என் முகத்தைப் பார்க்காமல் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தது.

"அம்மா நல்லா கீறாங்களா? யாரு மீனு போடறது இப்போ?" என்று கேட்டாள்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. நடு ரோட்டில் நின்று, ஹாலில் எழுந்து பேசியது, நோட்டு, தலைவர் என்று எல்லாவற்றையும் கொட்டினேன். மன்னிச்சிடுக்கா என்றேன். அவள் என் முந்தானையாலேயே என் கண்ணைத் துடைத்துவிட்டாள்.

"நோட்டு மேல எனக்கு கோவம் இல்ல பாப்பா. ஊரு மேலயும் இல்ல" என்றாள். பிறகு, எங்கள் வீட்டுக் குழாயடியில் பேசுவாளே அதே குரலில் கேட்டாள்.

"அன்னிக்கு நீ பாக்கலனு சொல்லியிருந்தீனா, நானே போய் சண்ட போட்டு எழுதிக்கினு வந்திருப்பேன். எனக்கு சண்ட போடத் தெரியாதா பாப்பா?"

ஆட்டோ வந்து நின்றது. பெண் முதலில் ஏறியது. அக்கா ஏறி, கோட்டை ஒதுக்கிக்கொண்டு உள்ளே தள்ளி உட்கார்ந்து, எனக்கும் இடம் விட்டாள். நான் அடுத்த ஆட்டோவில் வருவதாகச் சொன்னேன்.