உம்மாவுக்குப் பிடிக்காத திரைச்சீலை

என் வாய் கொஞ்சம் நீளம். இப்போதும் அப்படித்தான், ஒன்பது வயதில் அதற்குக் கடிவாளமே கிடையாது. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நான் என் வாயால் உம்மாவைக் கெடுத்தேன்.

என் அக்காவுக்கு, ராத்தாவுக்கு, கலியாணம் பேசி முடித்த வருஷம் அது, எண்பதுகளின் தொடக்கம். எங்கள் கல்முனைப் பக்கத்தில் பெண், புருஷன் வீட்டுக்குப் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். வந்தால் அந்த வீடு அவளுடையது. பெற்றவர்கள் ஒதுங்கிக்கொள்ள வேண்டும். வாப்பா அதற்காகப் பின்வளவில், கிணற்றுக்கு அப்பால், மண்சுவர் வைத்து ஓலை வேய்ந்து இரண்டு அறை போட்டிருந்தார். முன்வீடு ராத்தாவின் பெயருக்கு எழுதியாகிவிட்டது. இனி அதை அழகாக்குவதுதான் மிச்சம். வீட்டு வேலை முடிந்ததும் நாள் குறிப்பதென்று இரண்டு பக்கமும் பேச்சு.

எனக்கோ ஒரே கொண்டாட்டம். வாப்பா நாவிதன்வெளி வயலில் வேளாண்மை வெட்டி முடித்த கையோடு சாமான் வாங்கத் தொடங்கினார். கடைத்தெருவுக்கு என்னையும் கூட்டிப்போவார். சுவருக்கு என்ன நிறம் என்று கடைக்காரர் கேட்டால் அவர் என் முகத்தைப் பார்ப்பார். இளம்பச்சை என்று சொன்னது நான்தான். அலுமாரிக்கு மேல் வைக்க பிளாஸ்டிக் ரோசாப்பூவோடு ஒரு பூச்சாடி, சுவரில் தொங்கவிடக் கஃபா படம் போட்ட வெல்வெட் துணி, எல்லாம் என் தெரிவு. வீரமுனையில் வாப்பாவுக்குத் தெரிந்த வாத்தியார் ஒருவர் தன் வளவிலிருந்து சிவப்பும் மஞ்சளுமாய்க் குரோட்டன் தடிகள் வெட்டித் தந்தார். தெருப்படலையிலிருந்து விறாந்தை வரைக்கும் இரண்டு வரிசையாக அவற்றை ஊன்றி, ஓரத்தில் அரைச்செங்கற்களைச் சாய்த்துப் புதைத்துச் சுண்ணாம்பு அடித்தோம். கடற்கரை வெள்ளை மணல் ஒரு வண்டி வந்து முற்றத்தில் பரவியது.

உம்மாவுக்கு மட்டும் ஒன்றும் பிடிக்கவில்லை. பச்சை நிறம் ஆஸ்பத்திரி மாதிரி இருக்கிறது என்றாள். மறுபடி வெளிர்நீலம் அடித்தோம். பூச்சாடி கோணல் என்றாள், மாற்றினோம். குரோட்டன் வரிசை வளைந்து கிடக்கிறது என்று பிடுங்கி நடச் சொன்னாள், பாதி வாடிப்போயிற்று. வாப்பா பொறுமைசாலி. அவரே ஒரு நாள் தலையில் கைவைத்துக்கொண்டு விறாந்தைப் படியில் குந்திவிட்டார்.

"வீட்டைக் கட்டிப் பாரு, கலியாணம் முடிச்சிப் பாரு எண்டு சொன்னவனுக்கு உன்னத் தெரியாது புள்ள" என்றார்.

உம்மா சிரிக்கவில்லை. "ஒரு முறதானே செய்யிற. அவசரப்படாம வடிவாச் செய்யணும்" என்றாள்.

அந்த வீடு உம்மாவுக்கும் கலியாணத்தில் வந்ததுதான். அது அவளுடையதான அன்று அவளைப் பெற்றவர்கள் பின்னால் ஒதுங்கியிருக்கிறார்கள். ஒதுங்குவது எப்படி என்று பக்கத்திலிருந்து பார்த்தவள் அவள். எனக்கு அதெல்லாம் எங்கே தெரியும்! உம்மா சரியான குறைகாரி என்று பக்கத்து வீட்டுப் பிள்ளைகளிடம் சொல்லித் திரிந்தேன்.

கடைசியாக மிஞ்சியது முன்மண்டபத்துத் திரைச்சீலை. இரண்டு தடவை துணி வாங்கி, இரண்டு தடவையும் திருப்பிக் கொடுத்தாயிற்று. மூன்றாவதை நானே தெரிந்தெடுத்தேன். வெள்ளையில் சின்னச்சின்ன ஊதாப்பூ. தையற்காரரிடம் அளவு கொடுத்துத் தைத்தே கொண்டுவந்துவிட்டோம். உம்மா விரித்துப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். ஒரு குறையும் சொல்லவில்லை. நாளைக்குத் தொங்கவிடுவோம் என்று மடித்துப் பெட்டகத்துக்குள் வைத்தாள். அந்த 'நாளைக்கு' ஒரு மாதமாகியும் வரவில்லை. வாப்பா வயல் வேலையில் அதை மறந்துபோனார், அல்லது மறந்த மாதிரி இருந்தார்.

பிறகொரு நாள் மாவடிப்பள்ளியிலிருந்து மாப்பிள்ளையின் உம்மா இரண்டு பெண்களோடு வந்து இறங்கினார். அவரை நான் மாமி என்று கூப்பிடப் பழகியிருந்தேன். மாமி முற்றத்தைப் பார்த்தார், சுவரைத் தடவினார், பூச்சாடியைத் தூக்கி வைத்தார்.

"எல்லாம் வடிவா இரிக்கி மச்சி. இனி என்ன மிச்சம்?"

"இந்த மண்டபத்துக்குத் திரச்சீலதான்" என்றாள் உம்மா. "மனசுக்குப் பிடிச்ச மாதிரி ஒண்டும் கிடைக்குதில்ல."

"சரி, அது கிடைச்ச உடன நாள் வைப்பம்."

"ஓம், ஓம். வைப்பம்."

எனக்குப் பொறுக்கவில்லை. கலியாணத்துக்கென்று எனக்கும் ஒரு புதுச்சட்டை தைத்திருந்தது. உம்மா பாவம், மறந்துவிட்டாள் என்றே உண்மையாக நினைத்தேன்.

"அதுதான் கிடைச்சிட்டே உம்மா! பெட்டகத்துக்குள்ள வெச்சீங்களே!"

சொன்னதோடு நின்றேனா? ஓடிப்போய்ப் பெட்டகத்தைத் திறந்து, சீலையை இழுத்துக்கொண்டு வந்து மாமியின் மடியில் போட்டேன். மாமி வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்து, "மாஷா அல்லாஹ், இதவிட என்ன வேணும்!" என்றார். கூட வந்த பெண்கள் அதை வாசலில் கட்டிவிட்டார்கள். தேத்தண்ணி குடித்து முடிவதற்குள் நாள் குறித்தாயிற்று. அடுத்த பிறையில் பத்தாம் நாள். வாய்க்கெட்டிக்காரி என்று மாமி என் கன்னத்தைக் கிள்ளினார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அவர்கள் போனபின் உம்மா திரைச்சீலைக்குப் பக்கத்தில் நின்று, அதன் மடிப்புகளை ஒவ்வொன்றாகச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

"பிடிக்கலையா உம்மா?"

"பிடிச்சிரிக்கி மகள்" என்றாள். "முதலே பிடிச்சிரிந்திச்சி."

ஏசவில்லை, அடிக்கவில்லை. அடித்திருந்தால் இன்றைக்கு என் மனம் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். அன்றிலிருந்து கலியாணம் வரை அவள் எதிலும் ஒரு குறை சொன்னதில்லை. குரோட்டன்களுக்குத் தண்ணீர் ஊற்றக்கூட என்னையே அனுப்பினாள்.

கலியாணத்துக்கு முதல் நாள் பாயும் பானையும் சுமந்து நாங்கள் பின்வளவுக்குப் போனோம். ஒரு கிழமை கழித்து உம்மா மருமகனுக்கென்று வட்டிலப்பம் அவித்து, ஒரு கிண்ணத்தில் மூடி எடுத்துக்கொண்டு முன்வீட்டுக்குக் கிளம்பினாள். நான் அவளை முந்திக்கொண்டு ஓடி உள்ளே புகுந்துவிட்டேன். திரும்பிப் பார்த்தால் உம்மாவைக் காணவில்லை. அவள் படிக்குக் கீழே, மணலில் நின்றுகொண்டிருந்தாள். முக்காட்டை இழுத்துவிட்டு, தொண்டையைச் செருமினாள்.

"மகள், உள்ளுக்கு வரட்டா?"

கலியாணமாகிப் பத்தொன்பது வருஷம் அவள் நினைத்தபோதெல்லாம் நுழைந்த வாசல் அது. எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. உம்மா ஏதோ விளையாட்டுக் காட்டுகிறாள் என்று நினைத்துக் கைதட்டிக் கத்தினேன்:

"ராத்தா, ஓடி வாங்க! உம்மா விருந்துக்கு வந்த ஆள் மாதிரி நடிக்கிறா!"

உள்ளிருந்து ராத்தாவின் குரல் "வாங்க உம்மா" என்று சொல்லும்வரை, அவள் படியில் கால் வைக்கவேயில்லை.