பள்ளம் பார்த்து ஆடிய காளியப்பன்

சாயங்கால பஸ் மேலே ஏறி வந்தபோது நான் எங்கள் ஊர் நிறுத்தத்தில் உட்கார்ந்திருந்தேன். காலையில் காளியப்பனை வேனில் படுக்கவைத்துக் கீழே கொண்டுபோயிருந்தார்கள். என்ன ஆயிற்று என்று தெரிந்துகொள்ள எங்களுக்கு அந்த பஸ்ஸை விட்டால் வேறு வழியில்லை. அதன் கண்டக்டருக்கு ஒரு பழக்கம் உண்டு. காளியை ரோட்டில் எங்கே பார்த்தாலும் படியில் நின்று விசிலை நீளமாக ஊதி, "ஃபவுல்!" என்று கத்துவார். காளியும் இரண்டு கையையும் தூக்கி, தான் ஒன்றுமே செய்யவில்லை என்று காட்டுவான். வண்டியில் இருப்பவர்கள் எல்லாரும் சிரிப்பார்கள். அன்றைக்கு அவர் விசில் ஊதவில்லை. பஸ்ஸைக் கையால் தட்டி நிறுத்தினார். இறங்கி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அடிவாரம் போய்ச் சேரலீங்க பெரியவரே. வளைவு எறங்கறப்பவே முடிஞ்சுபோச்சாம்."

"ஏதாச்சும் பேசுனானா?"

"தண்ணி கேட்டானாமுங்க. குடுத்தாங்களாம், உள்ள எறங்கலையாம்."

அவர் எழுந்து போய் பஸ்ஸை எடுக்கச் சொன்னார். அப்போதும் விசில் இல்லை.

இதைப் படிக்கப் போகிறவர்களில் பாதிப் பேர் காளியோடு ஆடியவர்கள். மீதிப் பேர் வரப்பில் நின்று கத்தியவர்கள். உங்களுக்குத் தெரியாத எதையும் நான் எழுதப்போவதில்லை. பெரியவர்கள் எழுதப் படிக்கக் கற்கும் மாலை வகுப்பின் கையெழுத்துப் பத்திரிகைக்கு மழையைப் பற்றி எழுதலாம் என்று நினைத்திருந்தேன். டீச்சர்தான் காளியைப் பற்றி எழுதச் சொன்னார். ஒரு வரி எழுத எனக்கு ஒரு வெற்றிலை மென்று முடிக்கும் நேரம் ஆகிறது. ஆனாலும் அவன் பெயரை முழுசாக எழுதி முடித்ததும் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். இந்த வயசில் எனக்கும் எழுத வந்துவிட்டதே என்று சந்தோஷம் பொங்கியது. இதையா எழுத வேண்டும் என்று உடனே அது அடங்கியும் போனது.

எங்கள் ஊரில் சமதளம் என்று இருப்பது என்னுடைய நெல் வயல் ஒன்றுதான். அறுப்பு முடிந்து மறுபடி மழை இறங்கும் வரை பையன்கள் அங்கேதான் பந்து ஆடுவார்கள். மூன்று பக்கம் வரப்பு, நாலாவது பக்கம் பள்ளம். பந்து உருண்டு விழுந்தால் மரம் செடி எல்லாம் தாண்டிக் கீழே ஓடை வரைக்கும் போய்விடும். யார் காலில் பட்டு விழுந்ததோ அவன்தான் இறங்கி எடுத்துவர வேண்டும். அவன் திரும்பி ஏறி வருவதற்குள் பொழுது சாய்ந்து ஆட்டம் முடிந்துவிடும். அதனால் எங்கள் பையன்கள் யாரும் பந்தை ஓங்கி உதைக்க மாட்டார்கள். எவனாவது காலைத் தூக்கினால் போதும், வரப்பில் இருக்கும் எல்லாரும் "பள்ளம்! பள்ளம்!" என்று கத்துவோம். அவன் காலை இறக்கிவிடுவான்.

அப்படி ஆடிப் பழகியவர்களில் காளி தனி. பந்து அவன் காலை விட்டுப் போகவே போகாது. தாய் ஆட்டின் பின்னால் குட்டி ஓடுவதைப்போல அவனோடு ஓடும். எதிரில் நான்கு பேர் வந்தாலும் அவர்களுக்கு நடுவில் புகுந்து அந்தப் பக்கம் வருவான், பந்தும் வரும். எனக்குச் சிரிப்பு தாங்காது. வரப்பிலிருந்து நான் சரிந்து விழுந்ததும் உண்டு. "இது எப்படிடா கண்ணு உங்கிட்டயே இருக்குது?" என்று ஒரு நாள் கேட்டேன். "அடிச்சுட்டா அது நம்ம பந்து இல்லீங்க அப்புச்சி. கூட்டிக்கிட்டே போனாத்தான் நம்முது" என்றான். அவன் சொன்னதில் எனக்கு மிகவும் பிடித்தது அது. ஊர்ப் பையன்கள் எல்லாரையும்போல அவனும் என்னை அப்புச்சி என்றுதான் கூப்பிடுவான்.

யூசுப் பாய் எங்களுக்கெல்லாம் பழக்கம். பேளுக்குறிச்சிச் சந்தையில் மிளகு வியாபாரம் செய்கிறவர், வருஷா வருஷம் மேலே வந்து மிளகு பார்ப்பார். தொண்ணூற்றேழாம் வருஷம் வந்தவர் மூட்டையைப் பார்க்கவில்லை, வயலையே பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்குப் பந்தாட்டம் என்றால் உயிர் என்று அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரிந்தது. அடிவாரத்தில் ஒரு நூல் மில் இருந்தது. அந்த மில்லுக்கு ஒரு டீம் இருந்தது. மறுவாரமே பாய் வந்து, மில்லில் வேலை போட்டுத் தருவார்கள், டீமில் ஆட வேண்டும், மாசாமாசம் சம்பளம் என்றார். காளியின் அம்மா பாப்பாயி நம்பவில்லை.

"ஏனுங்க பாய், வெளையாடறதுக்குக் கூலி குடுக்கற கிறுக்கன் எந்த ஊர்ல இருக்கறான்?"

"கீழ இருக்கறானுங்கம்மா. நிறையப் பேரு இருக்கறாங்க."

"அப்ப வேலைக்குப் போறவனெல்லாம் அவங்களுக்குக் கூலி குடுக்கணுமாக்கும்?"

அன்றைக்கு நாங்கள் சிரித்த சிரிப்பு ஊரே கேட்டிருக்கும். பந்து ஆடிச் சம்பளம் வாங்க எங்கள் மலையிலிருந்து கீழே போன முதல் ஆள் காளிதான். போகும்போது அவன் அம்மாவிடம் சொன்னது ஒன்றே ஒன்று. "பர்மனென்ட் ஆயிட்டா அப்பறம் இந்த மரம் ஏறற பொழப்பு வேண்டாம். உன்னையும் கீழ கூட்டிக்கிட்டுப் போயிர்றேன்." மிளகுக் கொடி படர்ந்திருக்கும் சில்வர் ஓக் மரங்களில் ஒற்றை மூங்கில் ஏணியைச் சாத்தி உச்சி வரை ஏறிக் காய் பறிப்பதுதான் இங்கே ஆண்களின் பிழைப்பு. காளிக்கு உயரம் என்றால் சின்ன வயதிலிருந்தே பயம். தரையில் அத்தனை பேருக்கு நடுவில் பயமில்லாமல் புகுந்தவன், ஏணியில் ஏறினால் கண்ணை மூடிக்கொள்வான்.

மில்லில் அவனை முதல் வருஷம் டெம்பரரி என்றார்கள். இரண்டாவது வருஷமும் டெம்பரரிதான். டீமைப் பார்த்துக்கொண்ட லேபர் ஆபீசர் ஒவ்வொரு போட்டிக்கு முன்னாலும் அவன் தோளில் கை போட்டு, "இந்தக் கப்பு மட்டும் வந்துரட்டும், உன்னைப் பர்மனென்ட் பண்ணிடறேன்" என்பாராம். கப்பு வரும். அதற்குப் பிறகு வேறு கப்பு இருக்கும். நடுவில் வேறொரு ஊர் மில்லிலிருந்து அவனைக் கேட்டு வந்தார்கள், எடுத்தவுடன் பர்மனென்ட் என்றார்கள். எங்கள் அடிவாரத்து மில் அவனை விடவில்லை. அவன் போனால், அவனைச் சேர்த்துவிட்ட யூசுப் பாய் அப்புறம் மில்லுக்குள் கால் வைக்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். காளி போகவில்லை. பண்டிகைக்கு வரும்போது பூட்ஸைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வருவான், ஊர் எல்லையில் இருக்கும் கோயில் கல்லைத் தாண்டிச் செருப்பு போடும் வழக்கம் எங்களுக்கு இல்லை. "எப்ப கண்ணு பர்மனென்ட்?" என்று நான் கேட்பேன். "அடுத்த கப்புக்குங்க அப்புச்சி" என்பான். முதலில் சிரித்துக்கொண்டு சொன்னான். பிறகு சும்மா சொன்னான். கடைசியில் நான் கேட்பதை நிறுத்திக்கொண்டேன்.

ஒரு பெரிய போட்டியின் கடைசி ஆட்டம் அடிவாரத்து ஊரிலேயே நடந்தது. இதில் ஜெயித்தால் இந்த மாசமே பர்மனென்ட் என்று மில் முதலாளியே எல்லார் முன்னாலும் சொல்லியிருந்தார். நாங்கள் மரவள்ளிக் கிழங்கு லாரியில், மூட்டைகள் மேல் உட்கார்ந்துகொண்டு இறங்கினோம். அதுவரை நாங்கள் அவனைப் பூட்ஸ் போட்டு, வலை கட்டிய மைதானத்தில் பார்த்ததில்லை. அவன் முதுகில் மில்லின் பெயர் பெரிதாக எழுதியிருந்தது. நான் அப்போதுதான் எழுத்துக் கூட்டப் பழகிக்கொண்டிருந்தேன். முதல் எழுத்தை நான் கண்டுபிடிப்பதற்குள் அவன் மறுமுனைக்கு ஓடியிருப்பான். "நில்லுடா சாமி, படிச்சுக்கறேன்" என்று நான் கத்த, பக்கத்தில் இருந்த டவுன்காரர்கள் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

ஆட்டம் முடியும் நேரம். இரண்டு பக்கமும் கோல் இல்லை. எதிர் டீமின் கோல்காரன் பந்தைத் தடுக்க வெளியே ஓடிவந்து, சறுக்கிக் கீழே விழுந்தான். பந்து காளியின் காலுக்கு வந்தது. வலை காலியாக இருந்தது. கொஞ்சம் தூரம், அவ்வளவுதான். லேபர் ஆபீசர் கோட்டுக்குள்ளேயே வந்துவிட்டார். "அடிடா! அடிடா டேய்!" காளி காலைத் தூக்கினான்.

லாரியில் வந்த நாங்கள் அத்தனை பேரும் ஒரே குரலில் கத்தினோம். "பள்ளம்! பள்ளம்!"

யோசித்துக் கத்தியதல்ல. அவன் கால் தூக்கினால் எங்கள் வாயில் வருவது அது. அந்த மைதானத்தில் ஒரு குழிகூட இல்லை, வலைக்குப் பின்னால் உயரமான மதில். காளி காலை இறக்கினான். பந்தைக் கூட்டிக்கொண்டு வலையை நோக்கி ஓடினான். பக்கவாட்டில் வந்த ஒருவன் பாய்ந்து பந்தையும் அவன் முட்டியையும் சேர்த்து அடித்தான். அந்தச் சத்தம் எங்கள் வரைக்கும் கேட்டது. பக்கத்தில் இருந்த ஒருவர் என்னிடம் மெதுவாக, "ஏனுங்க, பள்ளம் எங்கீங்க இருக்குது?" என்று கேட்டார்.

அவனைத் தூக்கிக்கொண்டு போகும்போது லேபர் ஆபீசர் கூடவே நடந்தார். "அடிச்சிருந்தா நீ இன்னைக்குப் பர்மனென்ட்டுடா" என்றார். அவர் திட்டிச் சொன்னதாகக்கூட எனக்குத் தோன்றவில்லை. உள்ளதைச் சொன்னார்.

அதன் பிறகு சொல்வதற்கு நல்லது எதுவும் இல்லை. யூசுப் பாய் அவனைப் பெரிய ஆஸ்பத்திரிகளுக்கெல்லாம் அழைத்துப் போனார். நடக்கலாம், ஆட முடியாது என்றார்கள். மில் அவனைக் கொஞ்ச நாள் நூல் கட்டும் இடத்தில் வைத்திருந்தது. டீமைக் கலைத்தது. பிறகு மில்லையே மூடினார்கள். பர்மனென்ட் ஆனவர்களும் அவனோடு சேர்ந்தே வெளியே வந்தார்கள். அதைக் கேட்டபோது எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அன்றைக்கு அவன் அடித்திருந்தாலும் இதே ரோட்டில் இதே பஸ்ஸில்தான் ஏறி வந்திருப்பான், கால் மட்டும் நேராக இருந்திருக்கும்.

ஒரு நாள் நாங்கள் இரண்டு பேரும் வரப்பில் தனியாக இருந்தோம். என் மனசில் இருந்ததைக் கேட்டேன். "எங்க சத்தம்தான் உன்னக் கெடுத்துச்சா கண்ணு?"

"இல்லீங்க அப்புச்சி. உங்க சத்தம் கேக்கவே இல்ல. காலு தூக்குச்சு. அப்பறம் அதுவா எறங்கிருச்சு." பிறகு, "கேட்டிருந்தாலாச்சும் உங்களத் திட்டியிருக்கலாம்" என்று சிரித்தான்.

பாப்பாயியை வைத்துக் காப்பாற்ற வேண்டும். கீழே வேலை இல்லை. மேலே இருப்பது மரம். அந்த முட்டியோடு, அந்தப் பயத்தோடு, பருவத்துக்குப் பருவம் ஏணி ஏறினான். "ஏறறப்ப முட்டி சொல்றபடி கேக்குதுங்க. எறங்கறப்பத்தான் கேக்க மாட்டேங்குது" என்பான். இந்தப் பருவத்தில், எங்கள் மலையிலேயே எடப்புளி நாட்டில் ஒரு தோட்டத்தில், பை நிறையக் காய் பறித்துக்கொண்டு இறங்கும்போது முட்டி மடங்கி உச்சியிலிருந்து விழுந்துவிட்டான். முப்பது வயதுகூட ஆகவில்லை.

அடக்கத்துக்கு யூசுப் பாய் வந்திருந்தார். எல்லாரும் போன பிறகும் என் வயலின் ஓரத்தில் நின்றுகொண்டிருந்தார். "நான்தானே பெரியவரே கூட்டிக்கிட்டுப் போனேன்" என்றார். "நீங்க கூட்டிக்கிட்டுப் போகலைன்னா அவன் ஆட்டத்தை எங்களத் தவிர யாரு பாய் பாத்திருப்பா?" என்றேன். ஆறுதலுக்குச் சொன்னேன். அவருக்கு அது ஆறுதலாக இல்லை. எனக்கும் இல்லை.

அவன் பூட்ஸ் பாப்பாயியிடம் இருக்கிறது, உத்தரத்தில் தொங்குகிறது. கப்புகள் எங்கே போயினவோ, மில்லோடு போயிருக்கும். எனக்கென்று இருப்பது ஒரு சாயங்காலம்.

போன வருஷம் அறுப்பு முடிந்த கையோடு பையன்கள் ஆடிக்கொண்டிருந்தார்கள். காளி நொண்டிக்கொண்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தான். பந்து எங்கள் பக்கம் உருண்டு வந்தது. அவன் எழுந்து, கெட்ட காலை ஊன்றிக்கொண்டு, நல்ல காலைத் தூக்கினான். வழக்கம்போல எல்லாரும் கத்தினோம். "பள்ளம்!"

அவன் அடித்தான். நான் அப்படி ஓர் அடியை என் வயலில் பார்த்ததே இல்லை. பந்து எழும்பி, பையன்கள் தலைக்கு மேலே, வயல் ஓரத்துப் பலாமரத்துக்கு மேலே, பள்ளத்துக்கும் மேலே போய், எதிர் மலையில் இருந்த வெயிலில் ஒரு கணம் நின்றது. எனக்கு என்ன செய்வது என்று தெரியாமல் கையைத் தட்டினேன். சின்னப் பையனைப்போலக் குதித்துத் தட்டினேன். பந்து கீழே இறங்கி மறைந்தது.

"நான் போய் எடுத்துக்கிட்டு வாரேனுங்க அப்புச்சி" என்று அவன் முட்டியைப் பிடித்துக்கொண்டு பள்ளத்தைப் பார்த்து நடந்தான். ஆட்டத்தின் விதி விதிதானே என்றான். நான் அவன் கையைப் பிடித்து உட்கார வைத்தேன்.

"கெடக்கட்டும் உடு கண்ணு."

அந்தப் பந்து இன்னும் கீழேதான் கிடக்கிறது. பையன்கள் வேறு பந்து வாங்கிவிட்டார்கள். அதைத் தேடி நான் யாரையும் அனுப்பவில்லை, இனியும் அனுப்ப மாட்டேன். அது அவன் அடித்த பந்து.