ஜீரோ அக்கா

தட்டை விளக்குக்கு நேராகத் தூக்கி, ஒரு கண்ணை இடுக்கிப் பார்த்து, "ஜீரோ" என்கிறார். அடுத்த தட்டு. அதற்கும் ஜீரோ. ஊசிமருந்து தயாராகும் இடத்தில் கிருமி உண்டா என்று காட்டும் தட்டுகள் அவை. ஒரே ஒரு கிருமி ஒட்டியிருந்தாலும் ஐந்து நாளில் பெருகிப் புள்ளியாகக் காட்டிக்கொடுத்துவிடும். ஒன்றும் முளைக்காமல் இருந்தால்தான் வெற்றி. பத்தொன்பது ஆண்டுகளாக இந்த வெற்றியை எண்ணிவருவதால் எங்கள் ஆலையில் அவருக்கு ஜீரோ அக்கா என்றே பெயர்.

நுண்ணுயிரியலில் முனைவர். புது மருந்து கண்டுபிடிக்கத்தான் படித்தாராம். வளர்க்க வேண்டிய கிருமிகள் எல்லாம் தன் கைபட்டதும் செத்துப்போனதால், எதுவுமே வளரக் கூடாத இடமாகப் பார்த்து வேலைக்கு வந்துவிட்டதாக அவரே சொல்லிக்கொள்வார். என்னதான் வேலை உனக்கு என்று அவர் அம்மா இன்னமும் கேட்கிறார். "ஒண்ணும் முளைக்கலன்னு கையெழுத்துப் போடுறேம்மா." வீட்டில் கணவர் தண்ணீர் கொடுத்தாலும் டம்ளரை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் குடிப்பார். கணவர் கோபித்துக்கொள்வதை விட்டு வெகுநாளாயிற்று.

சென்ற மாதம் ஒரு திங்கட்கிழமை, முப்பத்தோராவது தட்டில் கை நின்றது. கடுகளவு மஞ்சள் புள்ளி. மருந்து தயாராகும் அறைக்குள் போகிறவர் எவரும் வேலை முடிந்ததும் கையுறை விரல்களைத் தட்டில் பதித்துவிட்டுப் போவது அங்கே விதி. அந்தத் தட்டின் அடியில் எழுதியிருந்தது அவருடைய பெயர்.

துறைத்தலைவர் பதவிக்கு அவர் பெயர் போயிருந்த வாரம் அது. மேலாளர் கதவைச் சாத்திவிட்டு, தட்டு தவறி விழுந்துவிட்டதாக எழுதிவிடுங்கள், மருந்தை மறுபடி சோதித்துக்கொள்ளலாம் என்றாராம்.

"என் கையில முளைச்சது சார். நான் இல்லன்னுட்டா அது யாரைப் போய் அம்மான்னு கூப்பிடும்?" என்று கேட்டுவிட்டு வந்துவிட்டார்.

ஆவணப் பிரிவில் இருக்கும் எனக்குத்தான் அவருடைய அறிக்கை வந்தது. இத்தகைய அறிக்கைகளில் குற்றவாளி பெரும்பாலும் காற்று, இல்லாவிட்டால் இயந்திரம். இதில் மூன்றே வரி: மூக்குக்கண்ணாடி சரிந்தது. கையுறையோடு ஏற்றிவிட்டேன். கையுறையை மாற்றவில்லை. நான் போன் செய்து, காரணம் தெரியவில்லை என்று போட்டால் போதுமே என்றேன்.

"தெரியுமே எனக்கு. தெரிஞ்சுக்கிட்டே தெரியலன்னு எப்படிப் போடுறது?" என்றார். கையோடு, தன் மூக்கு சின்னது என்பதையும் காரணத்தில் சேர்த்துக்கொள்ளச் சொன்னார்.

அந்தத் தட்டில் அவர் விரல் பதித்த நாளில் தயாரான மருந்து முழுவதையும் நிறுத்திவைத்தார்கள். பதவி வேறொருவருக்குப் போனது. அக்காவுக்கு மூன்று மாதம் அந்த அறைக்குள் நுழையத் தடை. புதிதாகச் சேர்ந்தவர்களோடு கை கழுவுவதிலிருந்து பழகித் தேர்வு கொடுக்க வேண்டும். "முனைவருக்கு மேல என்ன படிக்கலாம்னு இத்தனை நாளா யோசிச்சேன். கை கழுவப் படிக்கிறேன்" என்று சாப்பாட்டு அறையில் எல்லோரையும் சிரிக்கவைத்தார். தன் டப்பாவை மட்டும் திறக்கவில்லை.

நேற்று முதல் தேர்வு. சோதிக்க வந்தவள், நான்கு வருடத்துக்கு முன் அவரிடமே வேலை பழகிய பெண். அக்காவைக் கண்டதும் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள். நீங்கள் செய்துகாட்டவே வேண்டாம், நானே மதிப்பெண் போட்டுவிடுகிறேன் என்று தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள்.

அக்கா அவள் தோளைப் பிடித்து அழுத்தி நாற்காலியில் உட்காரவைத்தார். பேனாவை எடுத்து அவள் கையில் கொடுத்தார். பிறகு மேசையின் மறுபக்கம் போய் நின்று, சட்டைக் கையை முழங்கைவரை மடித்துவிட ஆரம்பித்தார்.