தாடி வைத்த இசபெல்

கத்தரினாவின் கோபம் நியாயமானது என்று மாம்புரியில் அன்றைக்கு ஒருவர்கூடச் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. அந்த வெட்கம் எனக்கு இன்னும் இருக்கிறது.

சிலாபத்துக் கன்னியர் மடத்தில் எழுத்துப் படித்தவள் அவள். 1936ஆம் ஆண்டு, கருவாடு காயப்போடும் வேலைக்கு நடுவே, மடத்தில் வாசித்த ஒரு கதையை உயிர்த்த ஞாயிறுக் கூத்துக்காக வசனமாக எழுதினாள். அரசன் சிறைபிடித்த தகப்பனை மீட்க, இசபெல் என்ற மகள் தனியாகத் தோணி ஏறிப் போகிற கதை. பெண்கள் மேடையேறக் கூடாது என்பது ஊர் வழக்கம். தன்னால் ஆட முடியாவிட்டாலும் இசபெல்லாவது ஏறட்டும் என்றுதான் இரண்டு மாதம் கை நோக எழுதினாள்.

பெண் வேஷம் எப்போதும் அன்ரனிப்பிள்ளைக்குத்தான். அந்த வருஷம் அவருடைய மகன் காய்ச்சலில் கிடந்து பிழைத்திருந்தான். அதற்காக, ஆடி மாதத்தில் தலவில் அன்னம்மாள் கோயில் திருநாள் வரும்வரை தாடி மழிப்பதில்லை என்று அவர் நேர்த்தி வைத்திருந்தார். கூத்துப் பழக்கும் அண்ணாவியார் இன்னாசித்தம்பி சுலபமாக வழி கண்டுபிடித்துவிட்டார்.

"மகள மகனாக்கிப் போடு, புள்ள. தாடியோட குமருப் புள்ளயா ஆட ஏலுமா?"

"வேற ஒராளப் போடுங்கோவன்."

"மீச எடுக்க இங்க ஆர் சம்மதிப்பான்?"

"மகன் போறதில என்ன புதினம் இருக்கு, அண்ணாவியார்? பொம்பிளப் புள்ள போனதுதானே கதையே!"

"ஓம், ஓம். சனம் பாட்டுக் கேக்கத்தான் வருகுது. கதைய ஆர் பாக்கிறான்?"

கத்தரினாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மாற்றாவிட்டால் கூத்தே இல்லை என்றார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு கொப்பியில் இசபெல்லை வெட்டி, இசிதோர் என்று எழுதினாள்.

திரைக்குப் பின்னால் நின்று, ஆட்டக்காரர் மறக்கும் வசனத்தை எடுத்துக் கொடுப்பதும் அவள்தான். மற்றவர்களுக்கு வாசிக்கத் தெரியாது. சிறைக்காட்சி வந்தது. "யார் நீ?" என்று தகப்பன் கேட்க, அன்ரனிப்பிள்ளை வசனத்தை மறந்து திரைப் பக்கம் காதைச் சாய்த்தார். கத்தரினா வேண்டுமென்றே வெட்டிய வரியை எடுத்துக் கொடுத்தாள். பின்னாலிருந்து வருவதை அப்படியே சொல்லிப் பழகியவர் அவர். கருகருவென்ற தாடியோடு கணீரென்று சொன்னார்:

"அப்பா, நான் உங்கள் மகள் இசபெல். பெண்ணென்று கடல் என்னைத் தடுக்கவில்லை."

சனம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. நானும் சிரித்தேன். திரை ஓரத்தில் கத்தரினாவின் முகத்தைக் கண்ட பிறகுதான் அடக்கினேன். எல்லோரும் அழ வேண்டும் என்று அவள் எழுதிய வரி அது.

மறுநாள் அண்ணாவியார் அவள் வீட்டுக்கே வந்தார். ஏசத்தான் வருகிறார் என்று நினைத்து அவளும் நாலு வார்த்தை தயாராக வைத்திருந்தாள். அவருக்கோ வாயெல்லாம் பல்.

"சனம் சிரிச்ச அந்தப் பகிடிய மட்டும் வெட்டிப் போடாத, புள்ள. வாற வருஷமும் வைப்பம்."