நாற்பத்தெட்டு மணி நேரம்

என்னுடைய முதல் இணையப் பாடம் தோற்றதற்குக் காரணம், கேட்டவர்களுக்கெல்லாம் நான் உடனே பதில் சொன்னது.

வெளியே சொன்னால் சிரிப்பார்கள். ஐம்பத்தோரு வயது. இருபத்தாறு ஆண்டுகள் பலகைக்கு முன்னால் நின்றவள். தெம்பனிஸில் ஒரு பயிற்சி அறையில், குளிர்காற்று நேராகப் பிடரியில் விழும் நாற்காலியில் உட்கார்ந்து என் மதிப்பெண் தாளையே நான் பார்த்துக்கொண்டிருந்தேன். பாட நோக்கம், நன்று. காணொளி, நன்று. வினாக்கள், நன்று. கற்போர் தங்களுக்குள் உரையாடுதல், பூஜ்யம். அந்த ஒரு கட்டம் போதும், மொத்தமும் தோல்வி.

பயிற்சி தந்தவர் என்னைவிடப் பதினைந்து வயதாவது இளையவர். நல்ல பெண். திட்டத் தெரியாதவர். மடிக்கணினியை என் பக்கம் திருப்பினார்.

“அக்கா, பாடம் அழகா இருக்கு. ஆனா நீங்க ரொம்பப் பேசுறீங்க லா.”

“டீச்சர்னா பேசத்தானேம்மா செய்வாங்க?”

“கிளாஸ்ல சரி. ஆன்லைன்ல வேற. இங்க பாருங்க, பத்து மணிக்கு ஒருத்தர் கேள்வி போடுறார். பத்து நாலுக்கு உங்க பதில் நிக்குது. அதுக்கப்புறம் யாரு வாயத் தொறப்பா? கோல்கீப்பர் மாதிரி பாஞ்சிடுறீங்க.”

அறையில் இருந்த மற்ற ஆசிரியர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். காது மட்டும் சுட்டது.

“நாப்பத்தெட்டு மணி நேரம், அக்கா. கையக் கட்டிக்கிட்டு உக்காருங்க. அவங்களே ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்குவாங்க. யாருமே சொல்லலன்னா அப்புறம் வாங்க.”

நாற்பத்தெட்டு மணி நேரம் என்று நோட்டில் எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டேன். பிள்ளைகளின் நோட்டில் நான் போடும் அதே இரண்டு கோடு.

இன்னொரு முறை தோற்றால் என் வகுப்பு வேறு ஒருவருக்குப் போய்விடும். பகலில் நான் பள்ளி ஆசிரியை. அது வயிற்றுக்கு. வியாழக்கிழமை மாலை, சிராங்கூன் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில், துணிக்கடைக்கு மேல்மாடியில், பெரியவர்களுக்குப் பேச்சுத் தமிழ் சொல்லிக்கொடுத்தேன். அது எதற்கு என்று எனக்கே சொல்லத் தெரியாது. எட்டுப் பேர் வருவார்கள். கீழே மல்லிகைச் சரமும் பேருந்துப் புகையும் கலந்து ஏறிவரும். வேலை முடிந்து, களைத்து, கழுத்துப்பட்டையைத் தளர்த்திக்கொண்டு, ஐம்பது வயதில் ‘அது, இது, எது’ என்று வாயைக் கோணிக்கொண்டு படிப்பவர்களின் முகத்தைப் பார்த்தால் எனக்குள் ஏதோ ஒன்று தன் இடத்தில் போய் உட்காரும். வகுப்பை நடத்திய நிலையத்தார் அந்த அறையைக் காலி செய்யப்போவதாகச் சொன்னார்கள். இனி எல்லாம் இணையத்தில்தான். பாடம் வடிவமைக்கவும் மதிப்பிடவும் சான்றிதழ் வாங்கிய ஆசிரியர்தான் அதை நடத்தலாம். அதனால்தான் சனிக்கிழமைகளில் தெம்பனிஸ்.

அந்த எட்டுப் பேரில் ஒருவர் செம்பவாங்கிலிருந்து வருவார். ஏறக்குறைய என் வயதுப் பெண், ஒரு கப்பல் சரக்கு அலுவலகத்தில் வேலை. அவருடைய அப்பா முன்பு செம்பவாங் கப்பல் பட்டறையில் வெல்டர். மகள் படித்து மேலே போகட்டும் என்று வீட்டில் ஆங்கிலம் மட்டுமே பேசினாராம். பள்ளியில் மகளுக்கு இரண்டாம் மொழி மலாய். அப்பாவும் மகளும் நாற்பது ஆண்டுகள் ஆங்கிலத்திலேயே சண்டை போட்டு, ஆங்கிலத்திலேயே சமாதானமாகி வாழ்ந்திருக்கிறார்கள். பிறகு அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. ஆங்கிலம் போயிற்று. மலாயும் போயிற்று. தமிழ் மட்டும் மிஞ்சியது, வெள்ளம் வடிந்த வீட்டில் நிற்கும் கல்தூண் மாதிரி. மகளுக்கோ தமிழில் பத்து வார்த்தைக்கு மேல் தெரியாது.

“டீச்சர், I am not here for culture லா,” என்றார் முதல் நாளே. “எனக்கு எங்கப்பாகிட்ட பேசணும். அவ்ளோதான்.”

வகுப்பில் நாங்கள் ஆளுக்கொரு வேடம் போட்டுப் பேசிப் பார்ப்போம். ஒருநாள் நான் நோயாளி அப்பா. அவர் கரண்டியை நீட்டுவதுபோல் கையை நீட்டி, “அப்பா, சாப்பிடு!” என்றார், காவல்காரர் மிரட்டுவதுபோல். தேக்கா சந்தைக்குப் பக்கத்தில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் ஒரு பாய் பின்வரிசையிலிருந்து குரல் கொடுத்தார். அவர் வீட்டிலும் ஆங்கிலமும் மலாயும்தான். தமிழை மீட்டெடுக்க வந்தவர்.

“அல்லா, அப்பாவையே அரெஸ்ட் பண்ணிடுவாங்க போல! நான் ஓடுறேன்.”

“நீங்க ஓடுனா கண்ணாடி யாரு விப்பா பாய்?” என்றேன்.

“என் பொண்டாட்டி. அவ என்னைவிட நல்லா விப்பா.”

“சாப்பிடுங்கப்பா,” என்று நான் சொல்லிக் காட்டினேன். “‘பா’வுல கொஞ்சம் நில்லுங்க. அங்கதான் எல்லாம் இருக்கு.” மகள் அந்த ‘பா’வில் நின்றார். இரண்டாம் முறை சொல்லும்போது கண் கலங்கிவிட்டது. எல்லோரும் வேறு பக்கம் பார்த்தோம். அடுத்த வாரம் வந்து, அப்பா வாயைத் திறந்தார், முழுக் கிண்ணமும் சாப்பிட்டார் என்றார். எட்டுப் பேரும் கைதட்டினோம். கஞ்சிக்காகக் கைதட்டிய வகுப்பு உலகத்தில் வேறு எங்காவது இருக்குமா?

அறை போயிற்று. அதே எட்டுப் பேரை வைத்து என் இரண்டாவது இணையப் பாடத்தைத் தொடங்கினேன். இந்தச் சோதனை ஓட்டத்தின் பதிவுகளைப் பார்த்துத்தான் எனக்குச் சான்றிதழ். யார் எப்போது வந்தார்கள், எதைத் திறந்தார்கள், யாருக்கு யார் பதில் சொன்னார்கள், எல்லாம் பதிவாகும். பாடம் பற்றிய பேச்சு எல்லாம் கலந்துரையாடல் பக்கத்தில்தான் நடக்க வேண்டும், தொலைபேசியில் தனியாகச் சொல்லிக்கொடுத்தால் கணக்கில் வராது என்றும் சொல்லியிருந்தார்கள்.

முதல் வாரம் கையைக் கட்டிக்கொண்டேன். எவ்வளவு கஷ்டம் தெரியுமா? ஒருவர் கேட்பார், சும்மா ஒரு சொல்லைத்தான் கேட்பார், எனக்கு நாக்கு நுனியில் அரிக்கும். தொண்டைக்குள் பதில் ஒரு மீன் மாதிரி துள்ளும். பொறுத்தேன். ஒரு நாள் கழித்து இன்னொருவர் தப்பும் தவறுமாகச் சொல்வார், மூன்றாமவர் திருத்துவார். பழைய சோறு பற்றி ஒரு கேள்வி வந்து, பதினோரு பதில்கள் விழுந்தன. பயிற்சியாளர் எனக்குச் செய்தி அனுப்பினார்: “பாத்தீங்களா அக்கா!” பார்த்தேன். முறை வேலை செய்தது. இல்லை என்று சொன்னால் அது பொய். எனக்கு மகிழ்ச்சியாகக்கூட இருந்தது. என் காணொளிகளை ஆறு நிமிடத்துக்குள் சுருக்கினேன், பாடங்களை ஒன்றன்பின் ஒன்றாகத் திறக்கும்படி பூட்டினேன், வினாக்களை நோக்கங்களோடு பொருத்தினேன். சாப்பாடு மூன்றாவது பாடம். உடம்பு, வலி, ஐந்தாவது. ஆறுதல் சொல்வது எட்டாவது. அழகான ஏணி. என் வாழ்க்கையில் எதையும் நான் இவ்வளவு நேர்த்தியாக அடுக்கியதில்லை.

நாங்கள் ஐந்தாவது பாடத்தில் இருந்தபோது, ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், பள்ளியில் ஆசிரியர் அறையில் இருந்தேன். கைபேசி அதிர்ந்தது. கலந்துரையாடல் பக்கம். செம்பவாங்காரர் ஆங்கிலத்தில் எழுதியிருந்தார். அப்பா மருத்துவமனையில். மூச்சுக்கு முகமூடி போட்டிருக்கிறார்கள், அதைக் கண்டு பயந்து பிய்த்துப் பிய்த்து எறிகிறார். பயப்படாதீர்கள், நான் இங்கேதான் இருக்கிறேன், எங்கேயும் போகவில்லை. இதை எப்படிச் சொல்வது? தயவுசெய்து யாராவது.

மணி இரண்டு.

தட்டச்சு செய்தேன். ‘பயப்படாதீங்கப்பா. நான் இங்கதான் இருக்கேன். எங்கயும் போகல.’ மூன்றே வாக்கியம். விரல் அனுப்பும் பொத்தானின் மேல் நின்றது. பிறகு அழித்தேன்.

ஏன் அழித்தேன் என்று எத்தனையோ விதமாக எழுதிப் பார்த்துவிட்டேன். எந்த விதத்திலும் அது நல்லதாக வரவில்லை. அன்றைக்கு நான் எனக்குச் சொல்லிக்கொண்டது இதுதான்: ஏழு பேர் இருக்கிறார்கள், யாராவது சொல்வார்கள். மருத்துவமனையில் தமிழ்த் தாதி ஒருவராவது இருப்பார். பதிவுகளை மதிப்பிடுவது இந்த வெள்ளிக்கிழமை. போன முறையும் இப்படித்தான் பாய்ந்து தோற்றேன். அவருடைய தொலைபேசி எண் என்னிடம் இருந்தது. அதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். எண் இருந்தது. மணி அடித்தது, நான் உயர்நிலை இரண்டாம் வகுப்புக்குப் போய்க் கட்டுரை நடத்தினேன்.

அன்று மாலை பார்த்தேன். பதில் இல்லை. யாரோ ஒருவர் கைகூப்பும் படம் போட்டிருந்தார். புதன் காலை, பதில் இல்லை. இடைவேளையில் பார்த்தேன், ரயிலில் பார்த்தேன், உட்லண்ட்ஸில் ஒரு மாணவனின் பெற்றோரைப் பார்க்கப் போய் மின்தூக்கிக்குக் காத்திருந்தபோது பார்த்தேன். குளத்தில் விழுந்த பிள்ளையைக் கரையில் நின்று எட்டி எட்டிப் பார்ப்பது மாதிரி. நீச்சல் தெரிந்தவள். புதன்கிழமை ஐந்து மணிக்குக் கண்ணாடிக்கடை பாய் பதில் போட்டார். தனக்கும் சரியாகத் தெரியாது, கைபேசியிடம் கேட்டு எழுதுவதாகவும் துஆ செய்வதாகவும் சொல்லி, ஆங்கில எழுத்தில் எழுதியிருந்தார்: ‘அச்சம் கொள்ள வேண்டாம். நான் இவ்விடத்தில் உள்ளேன். நான் எங்கும் செல்லவில்லை.’ அதற்குக் கீழே உடனே செம்பவாங்காரரின் நன்றி விழுந்தது. பிறகு மூன்று பேர், நல்லா சொன்னீங்க பாய் என்றார்கள். ஒருவர் ‘அச்சம்’ என்றால் என்ன என்று கேட்டார், இன்னொருவர் விளக்கினார். உரையாடல் வளர்ந்தது.

வியாழன் மதியம் இரண்டு மணிக்கு நான் வந்தேன். பாயைப் பாராட்டினேன். வீட்டில் பேசும்போது இன்னும் இயல்பாக இப்படிச் சொல்லலாம் என்று என் மூன்று வாக்கியங்களைப் போட்டேன். சொன்ன நேரத்துக்கு ஒரு நிமிடம் முந்தவில்லை.

அப்பா அன்று காலை ஏழு மணிக்கே போய்விட்டார். அது எனக்கு வெள்ளிக்கிழமைதான் தெரியும்.

சான்றிதழ் வந்தது. கற்போர் தங்களுக்குள் உரையாடுதல்: மிகச் சிறப்பு. அந்தச் செவ்வாய்க்கிழமைக் கேள்வியையும் அதன் கீழே இருந்த பதில்களையும் புதிய ஆசிரியர்களுக்குக் காட்டும் எடுத்துக்காட்டாகச் சேர்த்திருக்கிறார்கள். எடுத்துவிடச் சொல்லிக் கேட்டேன்.

“பேரையெல்லாம் எடுத்துட்டோம் அக்கா,” என்றார் பயிற்சியாளர். நடந்ததைச் சொன்னேன். பிறகு மெதுவாக, “அவசரம்னா பதில் சொல்லலாம்னு கையேட்டுல இருக்கே அக்கா,” என்றார். இருந்தது. பிறகு பார்த்தேன். நான்காம் பக்கத்தில் இருந்தது. நான் இரண்டு கோடு போட்டது வேறு வரிக்கு.

ஒரு மாதம் கழித்து அந்த மகள் என்னைச் செம்பவாங்குக்கு அழைத்தார். மதிய வேளை, அவருடைய அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே காப்பிக்கடை. எனக்குக் கோப்பி, அவருக்குப் பாலில்லாத தே ஓ. தமிழிலேயே பேசினார். தட்டுத் தடுமாறி, ஆனால் தமிழிலேயே. அதைத் தாங்கிக்கொள்வதுதான் கஷ்டமாக இருந்தது.

“பாய் சொன்னத சொன்னேன் டீச்சர். புதன் சாயந்தரம். நல்லா பிராக்டிஸ் பண்ணி, காதுகிட்ட போய் சொன்னேன்.”

“என்ன சொன்னார்?”

“எந்திரிக்கப் பாத்தார். படுத்துக்கிட்டே நேரா உக்கார ட்ரை பண்ணார். ‘சரிங்கம்மா’ன்னார்.” அவர் சிரித்தார், ஒரு மாதிரி. “என்னைய யாரோ ஆபீசர்னு நெனச்சிட்டார். எங்கப்பா என்னைய பாப்பான்னுதான் டீச்சர் கூப்பிடுவார். சரிங்கம்மா, சரிங்கம்மான்னு. அப்புறம் மாஸ்க்க இழுக்கவே இல்ல. பயந்து போயி, கைய ஒழுங்கா வச்சிக்கிட்டு.”

பக்கத்து மேசையில் யாரோ நாற்காலியை இழுத்தார்கள்.

“பாய் பாவம். அவர்கிட்ட சொல்லாதீங்க.”

“சொல்ல மாட்டேன்.”

“டீச்சர், ஒண்ணு கேக்கலாமா? அந்தப் பேஜ்ல யாரு பாத்தாங்கன்னு காட்டும். செவ்வாய்க்கிழமை ரெண்டு மணிக்கே உங்க பேர் இருந்துச்சு. புதன்கிழமையும். நெறைய தடவ.” குற்றம் சாட்டும் குரல் இல்லை. பாடத்தில் ஒரு சந்தேகம் கேட்பதுபோல்தான் கேட்டார். “ஸ்கூல்ல பிஸியா?”

நல்ல பெண். எனக்குக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார்.

“இல்ல,” என்றேன். “பிஸி இல்ல. பதில் தெரியும். டைப் பண்ணேன். அனுப்பல.”

“ஏன்?”

சொன்னேன். கட்டங்கள், பூஜ்யம், நாற்பத்தெட்டு மணி நேரம், வெள்ளிக்கிழமை. வாயிலிருந்து வெளியே வர வர அது எவ்வளவு சின்னதாக இருந்தது. அவர் கடைசி வரை கேட்டார். தேநீர்க் குவளையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார்.

“பாஸ் பண்ணீங்களா?” என்றார்.

“ம்.”

தலையாட்டினார். என்னிடம் வேறு கொடுக்க என்ன இருக்கிறது? இருந்த ஒன்றைக் கொடுக்கலாம் என்று நினைத்துவிட்டேன். என் மூன்று வாக்கியங்கள் இருந்த அந்தப் பக்கத்தை அவர் பிறகு திறக்கவே இல்லை என்று எனக்குத் தெரியும், பதிவுகளைப் பார்த்திருக்கிறேன். “அது எப்படிச் சொல்லணும்னா…” என்று தொடங்கினேன்.

“வேணாம் டீச்சர்,” என்றார். சுத்தமான உச்சரிப்பு. “இப்ப வேணாம்.”