புது வீட்டுப் படத்தின் இடது ஓரம்

திண்டிவனத்தில் மேம்பாலத்துக்குப் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். பலகையில் அப்படித்தான் எழுதியிருக்கிறது. ஆனால் இப்போது என் பிழைப்பில் பாதி, ஏஐ வைத்துப் படம் திருத்துவதில் ஓடுகிறது. கிழிந்த படத்தை ஒட்டவேண்டும், பாஸ்போர்ட் சைஸ் முகத்துக்கு உடம்பு வைத்து முழு ஆளாக நீட்டவேண்டும், பிள்ளையின் கல்யாணப் படத்தில் செத்துப்போன அப்பாவைக் கொண்டுவந்து நிறுத்தவேண்டும். செய்வதெல்லாம் அது, திட்டு வாங்குவது நான்.

வல்லம் பக்கத்திலிருந்து ஒருவர் தன் அப்பாவின் மார்பளவுப் படத்தைக் கொண்டுவந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை என்று எழுதிக் கொடுத்தும், அது பெரியவருக்குப் பேண்ட்டும் பளபளக்கும் ஷூவும் மாட்டிவிட்டது. அவர் படத்தைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். “முகம் எங்கப்பாதாங்க. கழுத்துக்குக் கீழ பேங்க் மேனேஜரு” என்றார். மறுபடி உட்கார்ந்து வேட்டி வாங்கினேன். வேட்டி வந்தபோது முகம் போய்விட்டது.

முகத்தை மாற்றாதே என்று எழுதினால், ஆகட்டும், மாற்றவில்லை என்று பணிவாகப் பதில் வரும். படத்தைத் திறந்தால் மூக்கு வேறாக இருக்கும். சொன்ன பேச்சைக் கேட்காததைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். கேட்டுவிட்டேன் என்று சொல்கிறது பாருங்கள், அதற்குத்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இந்த லட்சணத்தில்தான் போன தை மாதம் அம்மா போன் செய்தாள்.

அம்மா எனக்கு எப்போதும் மல்லாட்டைக் கொல்லையிலிருந்துதான் பேசுவாள். எங்களுக்கு நிலம் கோலியனூர்ப் பக்கம், நிலக்கடலைதான் போடுவோம். நான் வேறு சாதிக்காரரைக் கட்டிக்கொண்டதிலிருந்து அண்ணன் என்னோடு பேசுவதில்லை. அவன் காதில் விழாமல் பேச அவளுக்குக் கொல்லையை விட்டால் வேறு இடம் கிடையாது. அண்ணன் விழுப்புரத்தில் புது வீடு கட்டிக் குடிபோயிருந்தான். அந்த விஷயத்தை நான் ஒரு சொந்தக்காரப் பெண்ணின் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் பார்த்துத் தெரிந்துகொண்டேன். விக்கிரவாண்டி டோல்கேட்டில் வண்டி நின்று நின்று போனாலும் ஒரு மணி நேரத்தில் போய்விடக்கூடிய ஊர். என்னைக் கூப்பிடவில்லை.

“ஏம்மா, ஒரு போட்டோ அனுப்பியிருக்கேன் பாரு. கிரகப்பிரவேசத்துல எடுத்தது” என்றாள் அம்மா.

“பார்த்தேன். நல்லா இருக்குது.”

“அதுல உன்னையும் சேர்த்துக் குடுடி. பெருசாப் போட்டு ஹால்ல மாட்டணும்.”

எனக்கு முதலில் புரியவில்லை. “என்னையா?” என்றேன்.

“உன் கடையில அதைத்தானே பண்ணிக்கினு இருக்கே? ஊர்ல யாரு யாரையோ சேர்க்கறே. வர்றவங்க எல்லாம் பொண்ணு எங்க, பொண்ணு எங்கன்னு கேக்கறாங்க. பதில் சொல்லி மாளலை. உங்கண்ணனும் சரின்ட்டான்.”

அண்ணன் எதற்குச் சரி என்றான் என்பது எனக்குச் சட்டென்று விளங்கவில்லை. அம்மாவே விளக்கிவிட்டாள். “காலேஜ் போறப்போ எடுத்த போட்டோ இருக்குது இல்ல, பாவாடை தாவணில? அது மூஞ்சியை வெச்சிடு. நல்லா இருக்கும்.” அதாவது, தாலி கட்டுவதற்கு முன்னால் இருந்த நான் அந்த வீட்டுக்குள் வரலாம். இப்போது இருப்பவள் கூடாது.

வேண்டாம் என்று அப்போதே சொல்லியிருக்கலாம். ஆனால் அம்மா என்னிடம் ஒன்று கேட்டு எத்தனையோ காலம் ஆகியிருந்தது. சரி என்று சொல்லிவிட்டேன்.

மறுநாள் கடையில் கூட்டம் குறைந்த மத்தியான வேளையில் படத்தைத் திறந்தேன். வாசலில் வாழைமரம், மாவிலைத் தோரணம். நடுவில் அண்ணனும் அண்ணியும், சுற்றிப் பெரியப்பா வீட்டு ஆட்கள். இடது ஓரத்தில் அம்மா, ஊதாப் பட்டுப்புடவையில். எடுத்தவர் அவசரக் குடுக்கைபோல. அம்மாவின் முழங்கையோடு படம் வெட்டுப்பட்டிருந்தது. எனக்கு நிற்க இடம் வேண்டுமென்றால் முதலில் படத்தை அந்தப் பக்கம் நீட்டியாக வேண்டும். இடது பக்கம் நீட்டு, சுவரையும் தரையையும் மட்டும் தொடர்ந்து காட்டு என்று எழுதினேன்.

வந்த படத்தில் அம்மா பக்கத்தில் ஒருத்தி நின்றுகொண்டிருந்தாள். சிவப்புப் புடவை, தலை நிறையப் பூ, நல்ல சிவந்த நிறம், பல்லெல்லாம் வரிசை. நான் இன்னும் என் படத்தைக் கொடுக்கவே இல்லை. கேட்காமலே அது அம்மாவுக்கு ஒரு மகளைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டது. அவள் கை அம்மாவின் தோளில் வேறு கிடந்தது. யாரடி நீ என்று வாய்விட்டே கேட்டுவிட்டேன். ஆதார் நகல் எடுக்க நின்றிருந்த அம்மாள் திரும்பிப் பார்த்தாள்.

அவளை அழித்துவிட்டு என்னை வைத்தேன். தாவணிப் படத்தை வைக்க மனம் வரவில்லை. இப்போதைய படத்தைத்தான் வைத்தேன். அது என்னை இரண்டு பங்கு வெளுப்பாக்கி, தாலிச் சரட்டை எடுத்துவிட்டு, கழுத்தில் ஒரு வைர அட்டிகை போட்டது. நிறத்தைச் சரி செய்யச் சொன்னேன். நான் கறுத்தேன், கூடவே அம்மாவுக்கு இருபது வயது குறைந்தது. அவள் கன்னத்து ஒடுக்கு, நெற்றிச் சுருக்கம், எல்லாம் போய் மாவு பூசினாற்போல ஒரு முகம். அம்மாவை மீட்டேன், அண்ணனின் மீசை போயிற்று. மீசையைக் கேட்டேன், பெரியப்பாவுக்கும் சேர்த்துக் கொடுத்தது. பிள்ளையார் பிடிக்கக் குரங்கானால்கூட ஒரு குரங்கோடு நின்றுவிடும். இங்கே வரிசையாக வந்துகொண்டிருந்தன.

சாப்பாடு எடுத்துக்கொண்டு வந்த என் வீட்டுக்காரர் பின்னால் நின்று பார்த்தார். இவர் பைக் ஸ்பேர்பார்ட்ஸ் கடையில் வேலை செய்கிறார். என் அண்ணனைப் படத்தில் மட்டுமே பார்த்தவர்.

“இன்னா, மச்சான் மீசையை எடுத்துட்டாரா?”

“நீங்க வேற, பேஜாரு பண்ணாதீங்க. நானே வெந்துக்கினு இருக்கேன்.”

எதற்கு இந்தப் படம் என்று கேட்டார். சொன்னேன். அவர் சிரிப்பு நின்றுவிட்டது. கொஞ்ச நேரம் சாப்பாட்டுக் கூடையின் பிடியை முறுக்கிக்கொண்டிருந்தார். “நல்லா வந்துச்சுன்னா அனுப்பிடுவியா?” என்றார்.

“அம்மா கேக்கறாங்களே.”

“அதைக் கேக்கலை. நீ அனுப்பிடுவியான்னு கேட்டேன்.” கூடையை மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

சாயங்காலம் நல்லதாக ஒன்று வந்துதொலைத்தது. அம்மா அம்மாவாகவே இருந்தாள். அண்ணன் மீசையோடு இருந்தான். பக்கத்தில் நான், என் நிறத்தில், என் தாலியோடு, இன்றுவரை மிதிக்காத ஒரு வாசற்படிக்கு முன்னால் சிரித்துக்கொண்டு நின்றேன். என் தோள் அம்மாவின் தோளை உரசிக்கொண்டிருந்தது. பார்த்ததும் எனக்கு ஆசையாக இருந்தது. அதை நினைத்துத்தான் எரிச்சல் இன்னும் ஏறியது. இந்தப் படம் ஹாலில் ஏறிவிட்டால் பொண்ணு எங்கே என்று இனி யாரும் கேட்கப்போவதில்லை. யாரும் கேட்காவிட்டால் அண்ணனுக்கு என்னைக் கூப்பிட வேண்டிய தேவையே இருக்காது. என்னை வெளியே நிறுத்திவைக்கும் வேலையை நானே, என் கடை கரண்டில், என் கையால் முடித்துக்கொடுக்கிறேன்.

அம்மாவுக்குப் போன் செய்தேன். கொல்லையில்தான் இருந்தாள்.

“ம்மா, எதுக்கு இந்தப் பாடு? நான் நேர்லயே வந்து நிக்கறேன். உன் பக்கத்துல நின்னு செல்போன்ல ஒண்ணு எடுத்துக்கினா முடிஞ்சுபோச்சு. அவரை வேணும்னா வாசலுக்கு வெளியவே நிக்கச் சொல்றேன்.” கடைசியாகச் சொன்னதை நினைத்தால் இப்போதும் என்மேலேயே கோபம் வருகிறது.

அம்மா யாரிடமோ மூட்டையைத் தள்ளி வைக்கச் சொன்னாள். பிறகு, “இப்ப வாணாம்மா. போட்டோ மட்டும் அனுப்பிடு” என்றாள்.

சரி என்று வைத்துவிட்டேன். நான் நின்ற படத்தை அழித்தேன். முதலில் கேட்டதையே மறுபடி கேட்டேன். படத்தை இடது பக்கம் நீட்டு, வெறும் சுவர், வெறும் தரை, யாரும் வேண்டாம். குத்துவிளக்கை வைத்தது. விளக்கு வேண்டாம் என்றேன், பூந்தொட்டி வைத்தது. தொட்டியையும் எடு என்றால் ஒரு சின்னப் பெண் வந்து நின்றாள். காலியாக ஓர் இடம் இருப்பதை அதனால் தாங்கவே முடியவில்லை. விளக்கையும் தொட்டியையும் மாற்றி மாற்றி எடுத்துக் களைத்துப்போய், ஏஐயை மூடிவிட்டுப் பழைய சாப்ட்வேரைத் திறந்தேன். அண்ணன் வீட்டுப் பச்சைச் சுண்ணாம்புச் சுவரைத் துண்டு துண்டாக வெட்டி ஒட்டி, தரையின் டைல்ஸ் கோடுகளை இழுத்து, அம்மாவின் முழங்கையை முடித்து, ஒரு ஆள் நிற்கிற அகலத்துக்கு வெற்றிடத்தை நானே செய்தேன். பிறகு அதை அம்மாவுக்கு அனுப்பினேன். ஒரு வார்த்தைகூடச் சேர்த்து எழுதவில்லை.

நீல டிக் விழுந்தது. பதில் வரவில்லை. அடுத்த வாரம் முழுக்கப் போனும் இல்லை. கோபித்துக்கொண்டாள் என்று நினைத்தேன். கோபப்பட வேண்டியவள் நானாயிற்றே என்று வாடிக்கையாளர்கள்மேல் எரிந்து விழுந்தேன்.

அப்புறம் ஒரு நாள் ஒரு படமும் ஒரு வாய்ஸ் மெசேஜும் சேர்ந்து வந்தன. படத்தில் அண்ணன் வீட்டு ஹால், டிவிக்கு மேலே கண்ணாடி போட்ட பெரிய படம். இடது பக்கம் அந்த வெறும் சுவர் அப்படியே இருந்தது. வாய்ஸ் மெசேஜை ஓட்டினேன்.

“ஃபிரேம் போடுறவரு, இந்தப் பக்கம் சும்மா கிடக்குதே, வெட்டிடலாமான்னு கேட்டாரு. உங்கண்ணனும் வெட்டுங்கன்னான். நான்தான் வாணாம்னுட்டேன். அது இருக்கட்டும்னு சொன்னேன்.”

பின்னால் மல்லாட்டைக் கொல்லைச் சத்தம் இல்லை. மிக்ஸி ஓடும் சத்தம் கேட்டது. அம்மா வீட்டுக்குள்ளிருந்து, அண்ணன் காதில் விழும்படி பேசியிருந்தாள். வா என்று மட்டும் இன்னும் சொல்லவில்லை.